நிமோனியா என்று எழுதினால் தூசு தப்பித்துவிடும்

(சென்னை மயிலாப்பூரில் கட்டுமானத் தொழிலாளர்களும் சாதி ஒழிப்புத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நிமோனியா. நெஞ்சுச் சளி, சளிக் காய்ச்சல், நுரையீரல் அழற்சி என்று பல பெயரில் நமக்குத் தெரிந்த நோய். குழந்தைக்கு வரும், கிழவருக்கு வரும், யாருக்கு வேண்டுமானாலும் வரும். அதனால் ஒருவர் நிமோனியாவில் இறந்தார் என்றால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. மழை, பனி, காலம் சரியில்லை என்று முடித்துவிடுகிறோம்.

இறந்தவர் இருபது வருடம் கல் அறுத்தவராக இருந்தால்? கிரஷரில் ஜல்லி அள்ளியவராக இருந்தால்? பழைய கட்டடங்களைச் சம்மட்டியால் இடித்தவராக இருந்தால்? அப்போதும் நிமோனியா என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியா? சரியில்லை என்பதுதான் என் பேச்சு. நிமோனியா என்ற சொல்லுக்குப் பின்னால் தூசு ஒளிந்துகொள்கிறது. தூசுக்குப் பின்னால் முதலாளி ஒளிந்துகொள்கிறார். அவருக்கும் பின்னால் சாதி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். கருங்கல், கிரானைட், மணல், செங்கல், கான்கிரீட், டைல்ஸ் இவை எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. அறுக்கும்போது கிளம்பும் வெள்ளைப் புகைபோன்ற தூசில் நம் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். அது மூக்கில் நிற்கும், தும்மினால் வந்துவிடும். ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாதது. தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்காரும்.

அந்தக் காற்றறையில் நம் உடம்பு காவலுக்குச் சில செல்களை வைத்திருக்கிறது. கிருமி வந்தால் விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் வேலை. சிலிக்கா துகள் வந்தாலும் விழுங்கும். ஆனால் கல்லைச் செரிக்க முடியாது. விழுங்கிய காவல் செல் செத்துப்போகும். உள்ளிருந்த துகள் வெளியே வரும், அடுத்த செல் அதை விழுங்கும், அதுவும் சாகும். இப்படிச் செத்த இடமெல்லாம் தழும்பாகும். வேலையை விட்டு நின்ற பிறகும் தழும்பு வளர்வது நிற்காது. இதற்குப் பெயர் சிலிகோசிஸ். தழும்பை மாற்றி நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து உலகில் எங்கும் கிடையாது.

இப்போது நிமோனியாவுக்கு வருவோம். காவல் செத்துப்போன வீட்டுக்குள் திருடன் வருவது எளிது. தூசு தின்ற நுரையீரலுக்குள் நிமோனியாக் கிருமியும் காசநோய்க் கிருமியும் அப்படித்தான் நுழைகின்றன. நுழைந்த பிறகு இன்னொரு ஆபத்து. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு ஒரு பகுதியில் நிமோனியா வந்தால் மீதிப் பகுதி மூச்சைத் தாங்கும். நம் கல் தொழிலாளிக்கு மீதி என்று ஒன்று இல்லை. ஏற்கெனவே பாதி நுரையீரலில்தான் அவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார். மற்றவர் பத்து நாளில் எழுந்து நடக்கும் அதே காய்ச்சலில் இவர் ஆக்சிஜன் குழாயோடு படுத்துவிடுவார்.

சிலிகோசிஸ் என்று பெயர் வைக்கும் அளவுக்கு நோய் முற்றாதவர்களுக்கும் ஆபத்து உண்டு. சுவீடனில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுமானத் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. கனிமத் தூசிலும் உலோகப் புகையிலும் வேலை செய்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக நிமோனியாவில் இறந்தார்கள் என்று அது காட்டியது. 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை தந்தன. வேலை செய்யும் வயதில் உள்ளவர்களுக்கு வரும் நிமோனியாவில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு அவர்கள் செய்யும் தொழிலே காரணம் என்று அதில் சொன்னார்கள். பத்தில் ஒன்று. மருத்துவம் இவ்வளவு தெளிவாகப் பேசிய பிறகும் நம் ஊரில் நிமோனியாவோடு வரும் ஆளிடம் 'என்ன வேலை பார்க்கிறீர்கள்' என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. 'பீடி குடிப்பீர்களா, குடிப்பீர்களா' என்ற கேள்வி மட்டும் தவறாமல் வருகிறது.

தோழர்களே, இதெல்லாம் எங்கேயோ மலையடிவாரத்தில் நடப்பது, மயிலாப்பூரில் ஏன் பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். இந்தச் சென்னையே கல்லை உடைத்துக் கட்டிய ஊர். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் கல்தான் இந்த நகரத்துக்கு அடித்தளமாகவும் சாலையாகவும் ஆனது. அந்தக் கல்லுக்குப் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்த கல் இங்கிருந்து போனதாகக் கருதப்படுகிறது. அதனால் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். கல்லுக்கு அடியில் படுத்தவர் பெயர் கல்லுக்கு வந்தது. கல்லை உடைத்தவர் பெயர் எதிலும் இல்லை. பெயர் இல்லாமல் போவது நம் ஆட்களுக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இன்றைக்குக் குன்று கரைந்துவிட்டது. தூசு ஊருக்குள் வந்துவிட்டது. அடையாறில் ஒரு பழைய பங்களாவை இடித்து ஐந்து மாடி அடுக்ககம் கட்டுகிறார்கள். இடிக்கிறவர் முகத்தில் ஒரு துண்டு. தி.நகரில் ஒரு கடையைப் புதுப்பிக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே டைல்ஸ் அறுக்கிறார்கள். தூசு சாலைக்கு வந்தால் அக்கம்பக்கத்தில் புகார் சொல்வார்கள் என்பதால் ஷட்டர் மூடியிருக்கிறது. வெளியே வராத தூசு முழுவதும் உள்ளே இருக்கும் நான்கு பேரின் நெஞ்சுக்குப் போகிறது. காலையில் கடைக்காரர் வந்து தரை பளபளக்கிறது என்று சொல்வார்.

மெட்ரோ வேலையைப் பாருங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கும் போகிற இரண்டு தடங்களும் இதே மயிலாப்பூரில், திருமயிலை நிலையத்தில் சந்திக்கின்றன. ஒன்று அடையாறு வழியாகப் போகிறது, மற்றொன்று பனகல் பூங்கா வழியாகப் போகிறது. பாறை வரும் இடத்தில் அதைக் குடையும் ஒவ்வொருவருக்கும் தூசுப் பாதுகாப்பும் நெஞ்சு எக்ஸ்-ரேயும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். விடிவதற்குள் பாண்டி பஜாரையும் மாட வீதிகளையும் பெருக்கி முடிக்கிற நம் தூய்மைப் பணியாளர் அக்காக்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சாலைத் தூசிலும் மணல் உண்டு, சிலிக்கா உண்டு.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. சமையலறை மேடைக்குக் கிரானைட் போதவில்லை என்று 'குவார்ட்ஸ்' பலகை போடுகிறார்கள். குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து ஆலையில் செய்த கல் அது. பல வகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. இதை அறுத்த இளைஞர்களுக்குச் சில வருடங்களிலேயே நுரையீரல் போய்விட்டது என்று கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. அங்கே தடை செய்த கல்லை இங்கே அழகான அட்டையில் படம் போட்டு விற்கிறார்கள். அதை அளவுக்கு அறுத்துத் துளை போட்டுப் பொருத்துகிறவருக்கு அந்த அட்டையில் ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை.

சரி, இது தொழிலாளர் பிரச்சினைதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது. இந்த நாட்டில் எந்த வேலையை யார் செய்வது என்று தீர்மானித்தது கூலி விகிதம் மட்டுமா? கல் உடைப்பதற்கு ஒட்டர், போயர். கல்குவாரியில் கொத்தடிமையாகக் கிடக்க இருளர், ஆதிதிராவிடர். குப்பையும் சாக்கடையும் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்தது என்று அண்ணல் அம்பேத்கர் நமக்கு விளக்கினார். அந்த அடுக்கில் கீழே போகப் போகத் தூசு அதிகம். சிலிக்காவுக்குச் சாதி தெரியாது. சிலிக்காவின் முன்னால் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவது என்று சாதிக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு வேலை இழிவானது என்று முத்திரை குத்திவிட்டால் அந்த வேலையில் பாதுகாப்பு கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுகிறது. குளிர்சாதன அறையில் கணினி முன்னால் உட்காருகிறவருக்கு முதுகு வலிக்காத நாற்காலி வேண்டும் என்றால் அது நியாயம். கல் அறுக்கிறவர் தண்ணீர்க் குழாய் கேட்டால் 'காலங்காலமா இப்படித்தானே அறுக்கிறீங்க' என்று பதில் வருகிறது. அந்தக் 'காலங்காலமா' என்பதுதான் சாதி.

இதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே நவீனச் சுரங்கம் தொடங்கியது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கித் தங்கம் எடுத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பிப் போன தமிழ்த் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் நிலமில்லை, தெருவில் நடக்க உரிமையில்லை. சுரங்கத்தில் கூலியாவது கையில் வந்தது. தங்கம் இருந்த பாறை குவார்ட்ஸ் பாறை, அதாவது சிலிக்கா. இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலாக 1947இல் கோலார் தங்கவயலில்தான் பதிவானது என்று மருத்துவப் பாடநூல்கள் எழுதுகின்றன. மருத்துவ மாணவர்கள் அந்த வரியைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அது யாருடைய நுரையீரல் என்று அந்த வரி சொல்வதில்லை. நாம் சொல்ல வேண்டும். அது நம் தாத்தாக்களின் நுரையீரல்.

அந்தத் தங்கவயலுக்கும் நாம் கூடியிருக்கிற இந்தப் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. இங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிற இராயப்பேட்டையில்தான் பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏடும் இராயப்பேட்டையிலிருந்துதான் வந்தது. அந்தச் சங்கத்தின் வலுவான கிளை தங்கவயலில், மாரிக்குப்பத்தில் இருந்தது. பண்டிதரின் எழுத்துகளை அச்சிட்டுக் காப்பாற்றியதில் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரும் பங்கு உண்டு. பகலில் தூசு தின்றவர்கள் இரவில் தங்கள் கூலிக் காசில் அறிவைப் பரப்பினார்கள். நம் இயக்கத்தின் தொடக்க ஏடுகள் அப்படிப்பட்ட மூச்சில் வளர்ந்தவை. அதனால் தூசு நோயைப் பற்றிப் பேசுவதை நான் வேறு வேலையாக நினைக்கவில்லை. அது நம் வரலாற்றுக் கடன்.

இப்போது கடல் கடந்து போவோம். இந்த நிமோனியா என்ற சொல் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு இரண்டு உதாரணம்.

ஒன்று அமெரிக்கா. 1930இல் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் ஆற்றுநீரைத் திருப்ப மலையைக் குடைந்தார்கள். மலை கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேலை மெதுவாகும் என்று உலர்வாகத் துளைத்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பான்மை தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கம்பெனி மருத்துவர்கள் எழுதிய காரணங்களில் முக்கியமானது எது? நிமோனியா. கறுப்பர்களுக்கு நிமோனியா எளிதில் வரும், அது அவர்கள் உடல்வாகு என்று அன்றைக்குச் சொல்ல ஆளிருந்தது. 1936இல் நாடாளுமன்ற விசாரணை வந்த பிறகுதான் தூசு என்ற உண்மை நாடு முழுக்கத் தெரிந்தது.

இரண்டாவது தென்னாப்பிரிக்கா. ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் நிமோனியாவில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். எவ்வளவு பேர் என்றால், மேலும் வடக்கே வெப்ப மண்டலப் பகுதிகளிலிருந்து ஆள் எடுப்பதையே 1913இல் அரசு நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு 1911இல் சுரங்க முதலாளிகளின் அழைப்பில் ஆல்ம்ராத் ரைட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய மருத்துவர் வந்தார். நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களுக்குப் போட்டுச் சோதித்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1970களில், இராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற அமெரிக்க மருத்துவர் மேம்படுத்திய தடுப்பூசியைச் சோதித்ததும் அதே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான். அந்தச் சோதனைகளின் பலத்தில் 1977இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது.

தோழர்களே, இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கு தி.நகரிலும் அடையாறிலும் வசதியான வீட்டுப் பெரியவர்கள் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் போட்டுக்கொள்கிற நிமோனியாத் தடுப்பூசி, தூசு குடித்த கறுப்பினத் தொழிலாளியின் தோளில் சோதித்துத் தேறிய தடுப்பூசி. அதே தூசைக் குடிக்கிற நம் தொழிலாளியின் தோளுக்கு அது இன்னும் வரவில்லை. சோதனைக்கு உழைப்பவன் உடம்பு, பயனுக்கு வேறு உடம்பு.

நம் நாட்டில் நிமோனியாத் தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுக்க வந்தது, தமிழ்நாட்டிலும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் பெரியவர்களுக்கு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. தொழில் காரணமாக ஆபத்தில் இருப்பவர்களுக்குத் தனிப் பிரிவும் இல்லை. பிரிட்டனில் உலோகப் புகையில் வேலை செய்யும் வெல்டர்களுக்கு இந்தத் தடுப்பூசியை அரசின் வழிகாட்டு நூலே பரிந்துரைக்கிறது. செய்யும் வேலையைப் பார்த்துத் தடுப்பூசி கொடுக்கலாம் என்பதற்கு அது முன்மாதிரி. நாம் கேட்பது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே சிலிகோசிஸ் இருந்தது. அதாவது அந்த நோயைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், கண்ட மருத்துவருக்கும் அந்தக் கடமை உண்டு. 1923 இழப்பீட்டுச் சட்டத்தில் அது தொழில்நோயாக இருந்தது. 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், ஃபரிதாபாத் கல்குவாரிக் கொத்தடிமைகளைப் பற்றிய தீர்ப்பில், கல் உடைக்கும் எந்திரத்துக்கு மேலே தண்ணீர்ப் பீப்பாய் வைத்துத் தெளிக்க வேண்டும் அல்லது தூசை உறிஞ்சும் கருவி பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பீப்பாய்த் தண்ணீர். நாற்பது ஆண்டுக்கு முன் நீதிமன்றம் சொன்ன அந்தத் தண்ணீருக்காக இன்றும் மேஸ்திரியிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் ஓட்டை எங்கே என்று பாருங்கள். மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்று 1948 சட்டம் சொன்னது. 2020இன் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கியது. கிரானைட் அறுக்கும் கொட்டகையில் எத்தனை பேர்? நான்கு பேர், ஆறு பேர். பழைய வலையிலும் சிக்காத முதலாளிக்குப் புதிய வலையில் கண்ணியை இன்னும் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இருந்தும் போராடி வென்றவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதி ஆதிவாசிகள் குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஒரு சில வருடங்களிலேயே நோயோடு ஊர் திரும்பி ஒவ்வொருவராக இறந்தார்கள். ஊரில் இறந்ததால் குஜராத் கணக்கில் அந்தச் சாவு இல்லை. அவர்களுடைய மக்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர்களை எழுதினார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2016 மே மாதம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாயைக் குஜராத் அரசு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயரை எழுதியதால் கிடைத்த வெற்றி அது.

நம் சென்னையிலும் இப்போது அதே கதை நடக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே கல் அறுக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யும் பேச்சு நம் தெருக்களில் கேட்கிறது. அவர்களிலும் கணிசமானவர்கள் தலித்துகள், ஆதிவாசிகள். கோலாருக்குப் போன நம் தாத்தாவைப் போலத்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள். இங்கே தூசைக் குடித்து அங்கே போய் இறப்பார்கள். சென்னையின் கணக்கில் அந்தச் சாவு வராது. அவர்களோடு சேர்ந்து நிற்காமல் நாம் சாதி ஒழிப்பு பேசுவதில் பொருளில்லை.

இனி, சாவைப் பதிவு செய்யும் தாளுக்கு வருகிறேன். மாநகராட்சி கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. காரணம் இருப்பது மருத்துவமனை எழுதும் 'படிவம் 4' என்ற மரணக் காரணச் சான்றில். அதில் முதல் வரியில் உடனடிக் காரணம் எழுத வேண்டும். அதற்குக் கீழே, 'எதனால்' என்று கேட்டு இன்னும் வரிகள் இருக்கும். முதல் வரியில் நிமோனியா என்று எழுதுவதில் நமக்குச் சண்டை இல்லை, அது உண்மை. கீழ் வரியில் சிலிகோசிஸ் என்றும், கல் தூசில் இத்தனை வருடம் வேலை செய்தவர் என்றும் எழுதப்பட வேண்டும். கீழ் வரி காலியாக விடப்பட்டால் முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும். துக்கத்தில் இருந்தாலும் யாராவது ஒருவர் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இறந்த பிறகு எழுதுவதைவிட உயிரோடு இருக்கும்போது எழுத வைப்பது முக்கியம். ஏனென்றால் பெயர் எழுதப்பட்டால்தான் கதவு திறக்கும். காசநோய் வராமல் தடுக்கும் மாத்திரைக்கு உரியவர்கள் பட்டியலில் சிலிகோசிஸ் நோயாளிகளையும் மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. சிலிகோசிஸ் என்று எழுதினால்தானே அந்த மாத்திரை கிடைக்கும்? இராஜஸ்தானில் 2019இல் தனிக் கொள்கை வந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாத ஓய்வூதியம். அங்கேயும் சான்று இருந்தால்தான் பணம். எக்ஸ்-ரேயில் தழும்பைப் பார்த்துக் காசநோய் என்று தவறாக முடிவுசெய்து, திரும்பத் திரும்ப மருந்து கொடுக்கும் இடத்தில் தொழிலாளியின் உடம்பும் போகிறது, உரிமையும் போகிறது.

'மாஸ்க் கொடுத்தால் அவர்களே போடுவதில்லை' என்று ஒரு வாதம் வரும். மே மாத வெயிலில், தகரக் கொட்டகைக்குள், எட்டு மணி நேரம் இறுக்கமான முகக்கவசத்தோடு கிரைண்டர் பிடித்துப் பார்த்தவர்கள் இதைச் சொல்வதில்லை. பலர் கொடுப்பது துணி மாஸ்க், அது நுண்தூசை நிறுத்தாது. முதல் பாதுகாப்பு தண்ணீர், அடுத்தது தூசை உறிஞ்சும் கருவி, அதற்குப் பிறகுதான் தரமான முகக்கவசம். வரிசையைத் தலைகீழாக்கினால் பொறுப்பு முதலாளியிடமிருந்து தொழிலாளியின் மூக்குக்கு மாறிவிடும். பீடியும் அப்படித்தான். பீடியை விடச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன், நுரையீரல் கெட்டவருக்கு அது இரட்டை விஷம். ஆனால் பீடியைக் காட்டித் தூசை மறைக்காதீர்கள்.

தொழிலாளித் தோழர்கள் வீட்டுக்குப் போகும்போது சிலவற்றை மனதில் கொண்டுபோங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் கேட்காவிட்டாலும் முதலில் சொல்லுங்கள்: 'நான் இத்தனை வருடம் கல் அறுத்தேன், தூசில் வேலை பார்த்தேன்.' சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், நிமிடத்துக்கு முப்பது முறைக்கு மேல் மூச்சு ஓடினால், பேச்சு குழறினால், தெருமுனையில் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். நிமோனியாவுக்கு மருந்து சாப்பிட்டும் தேறவில்லை என்றால், அல்லது தேறி மறுபடி வந்தால், சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நிமோனியாவுக்குத் தரும் சில மருந்துகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி மறைத்துவிடும். வேலை பார்த்த இடங்களின் பெயரையும் வருடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை அதுதான் ஆதாரம். நலவாரிய அட்டையைப் புதுப்பித்து வையுங்கள்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகளும் தெளிவானவை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துள்ள தூசுத் தொழிலாளர் அனைவருக்கும் நெஞ்சு எக்ஸ்-ரேயும் மூச்சுத் திறன் சோதனையும் ஆண்டுதோறும் நடத்த வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தை 2024இல் பணியிடங்களுக்கும் விரிவுபடுத்தி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், நல்லது. அதே கையோடு நெஞ்சையும் பாருங்கள். தூசில் வேலை செய்பவர்களுக்கு நிமோனியாத் தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒருமுறை இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசியும் இலவசமாகப் போட வேண்டும். தண்ணீர் விடாமல் கல் அறுப்பதைத் தடை செய்ய வேண்டும். குவார்ட்ஸ் பலகை விற்பனைக்கு ஆஸ்திரேலியாவைப் போல முடிவு கட்ட வேண்டும். சிலிகோசிஸுக்கு இராஜஸ்தானைவிட மேலான ஒரு கொள்கையைத் தமிழ்நாடு கொண்டுவர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நிமோனியாவோடு சேர்க்கப்படும் ஒவ்வொருவரின் சீட்டிலும் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். கூலி என்பது ஒரு வேலையா? என்ன கூலி, எந்தக் கல், எத்தனை வருடம் என்று எழுத வேண்டும்.

மூச்சு என்பது சோற்றுக்கும் முந்தியது. சமத்துவம் பேசுகிற நாம் சேரி, ஊர், குளம், கோயில், சுடுகாடு என்று பிரித்து வைத்ததை எல்லாம் எதிர்த்துப் போராடி வந்திருக்கிறோம். காற்றையும் பிரித்து வைத்திருக்கிறார்கள், தோழர்களே. நல்ல காற்று ஒரு பக்கம், தூசுக் காற்று ஒரு பக்கம். அந்தக் கோட்டை அழிக்கும் வேலை ஒரு தாளில் ஒரு வரியை நிரப்புவதிலிருந்து தொடங்கட்டும். நம் ஆட்களில் ஒருவர்கூட இனி வெறும் நிமோனியாவில் இறந்ததாக எழுதப்படக் கூடாது.